உணவைப் பற்றிப் படிக்க: பழையசீவரத்திலிருந்து ஒரு வழி

நூலகத்தில் போய், "சாப்பாட்டைப் பத்தி ஏதாவது புத்தகம் இருக்குங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சமையல் குறிப்புகள் இருக்கும் தட்டைக் காட்டுவார்கள். பக்கத்திலேயே எந்த நோய்க்கு எந்தக் கீரை என்று சொல்லும் மெல்லிய புத்தகங்கள் நிற்கும். உணவைப் பற்றிய வாசிப்பு இந்த இரண்டு தட்டோடு முடிந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குற்றம் வாசகர்மேல் இல்லை. டியூயி முறைப்படி அடுக்கிய பெரிய நூலகத்தில் சமையல் 641இல் இருக்கும். உணவும் உடல்நலமும் 613இல். விருந்து, விரதம், பந்தி வழக்கங்கள் 394இல். பஞ்சமும் பட்டினியும் 363இல். ஒரே சோற்றைப் பற்றிய புத்தகங்கள் நாலு மூலையில் கிடக்கும். ஊர்ப்புறக் கிளை நூலகத்தில் எண் பார்த்து அடுக்கவே இடம் போதாது. அதனால் பொருளைச் சொல்லித் தேடுவதைவிட, நூலின் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. அந்தப் பெயர்களைத் தருவதும், எதை முதலில் எடுக்கலாம், எதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வதும்தான் இந்த அத்தியாயத்தின் வேலை.

எங்கிருந்து தொடங்குவது? சொந்த ஊரிலிருந்து. உணவைப் பற்றிய எந்தக் கூற்றையும் சோதித்துப் பார்க்க நம் கையில் இருப்பவை இரண்டு: நம் வீட்டு அடுப்பும் நம் ஊரின் பழைய பதிவுகளும். எடுத்துக்காட்டுக்குப் பழையசீவரத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில் பாதையில் ஒரு சின்ன நிலையம். மலைமேல் லட்சுமி நரசிம்மர் கோயில், கீழே பாலாறு. செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு சேரும் இடம் இது. அக்கரையில் திருமுக்கூடல். தெற்கே போனால் உத்திரமேரூர். சுற்றிலும் நெல் வயல். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் வழி இதேதான்.

அக்கரையிலிருந்தே தொடங்கலாம். திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பள்ளியும், மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடமும், 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும் நடந்தன என்பதை அது சொல்கிறது. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. வைத்தியருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவருபவருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கும் எவ்வளவு, படுத்திருப்பவருக்கு எவ்வளவு அரிசி என்று கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் உண்டு. கடுக்காயில் செய்தவை, பூண்டு சேர்ந்த ஆமணக்கெண்ணெய், வில்வ நெய், நாள்பட்ட பழைய நெய் எனப் பாதிப் பட்டியல் அடுப்படிச் சாமான்தான். கே. வி. சுப்பிரமணிய அய்யர் இதைப் படித்து, எபிகிராஃபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கொஞ்சம் கரடுமுரடான வாசிப்புதான். ஆனாலும் உணவு வரலாறு பேசும் பத்து நூல்களைப் படிப்பதற்கு முன் இதை ஒருமுறை புரட்டிவிடுங்கள். "அந்தக் காலத்தில் நம்மவர்கள்…" என்று யாராவது தொடங்கினால், எந்தக் காலம், எந்த ஊர், யாருக்கு எத்தனை நாழி என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் இதில் வந்துவிடும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகப் பாடநூலில் படித்திருப்போம். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியவை. தேர்தல் முறையைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் வரி ஒன்று அதில் உண்டு. உண்ணக் கூடாததை உண்டவர், அதற்குப் பரிகாரம் செய்துகொண்டாலும், அவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. ஒருவர் ஊர்ச் சபையில் உட்காரலாமா என்பதை அவர் இலையில் விழுந்தது தீர்மானித்திருக்கிறது. உணவும் அதிகாரமும் என்ற தலைப்பில் நாளை நீங்கள் எந்தத் தடித்த நூலை எடுத்தாலும், முதல் எடுத்துக்காட்டு உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கெல்லாம் முந்திய பதிவு ஒன்று உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை. செய்யுள் நூலைப் புனைவு அல்லாத வரிசையில் ஏன் சேர்க்கிறேன் என்று கேட்கலாம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு, வழியில் எந்தக் குடியிருப்பில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று 500 அடிகளில் சொல்லிக்கொண்டே போகும் நூல் அது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. எயினர் குடியிருப்பில் எறும்புப் புற்றில் திரட்டிய புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். இடையர் வீட்டில் தினைச் சோறும் பாலும். முல்லை நிலத்து ஊரில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். வயலூரில் வெண்ணெல் சோறும் கோழியும். வலைஞர் குடியில் கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் தெருவில் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடுவும். தொண்டை நாட்டின் குறுக்கே நடந்து போகிற ஒருவன் ஊருக்கு ஊர் வேறு சோறு சாப்பிடுகிறான். "தமிழர் உணவு" என்று ஒருமையில் எழுதும் எவரையும் இந்த நூலை வைத்து மடக்கிவிடலாம். பொ. வே. சோமசுந்தரனார் உரையோடு படித்தால் எளிது. மூலம் மதுரைத் திட்டத்திலும், உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் கிடைக்கும்.

இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் கையில் ஒரு உரைகல் கிடைக்கும். சங்கப் பாட்டில் காரத்துக்கு இருப்பது மிளகு. சோழர் கல்வெட்டுகளிலும் மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498க்குப் பிறகு போர்ச்சுக்கீசியர் வழியே இங்கே வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அதற்குப் பிறகு. ராசராசன் காலத்துக் குழம்பில் மிளகாய் போட்டுத் தாளிக்கும் "பாரம்பரிய" நூல் எதுவானாலும் அங்கேயே மூடிவிடலாம். இதற்கு நடமாடும் சான்றும் உண்டு. மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் பார்வேட்டை உற்சவத்துக்குப் பழையசீவரம் மலைக்கு வருகிறார். அவர் கோயில் மடைப்பள்ளியில் மூங்கில் குடலையில் வேகும் இட்டலியில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் உண்டு, மிளகாய் இல்லை. சமையலை வெளியிலிருந்து வந்தது எட்டாமல் காப்பாற்றி வைத்த இடங்களில் மடைப்பள்ளி ஒன்று.

இட்டலி என்றதும் கே. டி. அச்சயாவின் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. எண்ணெய் வேதியியல் படித்த விஞ்ஞானி; இந்திய உணவின் வரலாற்றை ஆங்கிலத்தில் முழுமையாக எழுத முயன்றவர்களில் முதன்மையானவர். 'இந்தியன் ஃபுட்: எ ஹிஸ்டாரிக்கல் கம்பேனியன்' 1994இல் வந்தது, அகராதி வடிவில் இன்னொன்று 1998இல். ஆங்கிலம் தடையில்லாதவர்கள் அகராதியை வாங்கி வைத்துக்கொள்ளலாம்; ஒரு நாளைக்கு ஒரு சொல் என்று வாசிக்க உகந்தது. ஆனால் எச்சரிக்கையோடு படியுங்கள். 920ஐ ஒட்டி எழுதப்பட்ட வட்டாராதனை என்ற கன்னட நூலில் 'இட்டலிகே' வருகிறது. அதில் அரிசி இல்லை, உளுந்து மட்டுமே. இது சான்றுள்ள செய்தி. ஆவியில் வேகவைப்பதும் மாவைப் புளிக்கவைப்பதும் இந்தோனேசியாவிலிருந்து அரசர்களோடு போய்வந்த சமையற்காரர்கள் வழியே வந்திருக்கலாம் என்பது அச்சயாவின் ஊகம். பின்னால் வந்தவர்கள் "வந்திருக்கலாம்" என்பதை "வந்தது" ஆக்கிவிட்டார்கள். இன்று எந்த வார இதழைப் புரட்டினாலும் இட்டலி இந்தோனேசியக்காரன். ஒரு நூலில் ஆசிரியர் எங்கே சான்று காட்டுகிறார், எங்கே யோசித்துப் பார்க்கிறார் என்று பிரித்து வாசிக்கப் பழக, அச்சயாவைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இனி சமையல் புத்தகத்துக்கு வருவோம். சமையல் புத்தகத்தைப் பெரும்பாலோர் தேவைப்படும் பக்கத்தை மட்டும் திறந்து, மசாலாக் கறை படியவிட்டு, திரும்ப மேலே செருகிவிடுகிறோம். அதை முன்னிருந்து பின்னாக, ஒரு கட்டுரை நூல்போலப் படிக்க முடியும். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' அதற்கு ஏற்ற நூல். முதல் பாகம் 1951இல் வந்தது. இளம் வயதில் கணவரை இழந்தவர்; உறவுப் பெண்களெல்லாம் குறிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க, அவருடைய உறவினர் ஒருவர்தான் இதைப் புத்தகமாகப் போடச் சொன்னார். இன்றுவரை கல்யாணமாகி வெளியூர் போகும் பெண்களின் பெட்டியில் வைக்கப்படுகிறது. ஆங்கிலப் பதிப்பு 'குக் அண்டு சீ' என்ற பெயரில் அமெரிக்கா வரை போயிருக்கிறது.

பழைய பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். அதில் அளவுகள் ஆழாக்கிலும் பலத்திலும் வீசையிலும் இருக்கும். 8 ஆழாக்கு ஒரு படி. 40 பலம் ஒரு வீசை. ஒரு பலம் 35 கிராம் என்று வைத்துக்கொண்டால் வீசை 1,400 கிராம். மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல்தான் வந்தது. கிலோவும் லிட்டரும் கட்டாயமானது 1960களின் தொடக்கத்தில். ஒரு சாமானுக்குச் சொல்லும் அளவைப் பார்த்து அந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை வேலையை ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும் செய்தன, அதில் எத்தனை மணி நேரம் ஒரு பெண்ணின் கை போயிருக்கும் என்றும் பாருங்கள். மிக்ஸிக்கு முந்திய துவையல் வேறு பண்டம் என்பது புரியும். சடங்குச் சமையலுக்குத் தனி இடம் கொடுத்திருப்பதையும் கவனியுங்கள்.

அதே நூலில் எது இல்லை என்பதும் பாடம்தான். மீன் இல்லை, கறி இல்லை. ஒரு சாதியின், ஒரு வகை வீட்டின் சமையல் அச்சில் ஏறியதும் "தமிழ்ச் சமையல்" என்ற பொதுப் பெயரை எடுத்துக்கொண்டது. ஆடி மாதம் பழையசீவரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழுக்கும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டுக் குழம்புக்கும் எழுதி வைத்த குறிப்பு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வாய்வழியாகத்தான். மகாராட்டிரத்தில் ஷாஹூ பாடோளே இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, மராத்வாடாவின் தலித் சமையலை மராத்தியில் 2015இல் நூலாக எழுதினார். 2024இல் அது ஆங்கிலத்தில் வந்தது. குறிப்பும் தன்வரலாறும் கோபமும் கலந்த நூல். எண்ணெய் அரிதாக இருந்த வீட்டில் சமையல் எப்படி அமைந்தது என்று அவர் சொல்லும் பக்கங்களைப் படித்தபின், 'இரண்டு கரண்டி நெய் விட்டு' என்ற வரியை முன்போலக் கடந்து போக முடியாது. தமிழில் இப்படி ஒரு நூல் தொண்டை நாட்டுச் சேரியிலிருந்து வர வேண்டும்.

தமிழ்க் கட்டுரை நூல்களில் நான் முதலில் கையில் கொடுப்பது தொ. பரமசிவனின் 'பண்பாட்டு அசைவுகள்'. 'அறியப்படாத தமிழகம்' என்ற அவருடைய பழைய நூலும் இதற்குள் இருக்கிறது. தண்ணீர், தமிழர் உணவு, உப்பு என்று தலைப்புகள். ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். உப்பை எடுத்துக்கொண்டால் சம்பளத்தில் தொடங்கி உறவுக்குப் போய், சாவு வீட்டுச் சோற்றில் நிறுத்துவார். அவர் பாளையங்கோட்டைக்காரர், காட்டும் வழக்கங்கள் பலவும் தாமிரபரணிக் கரையினுடையவை. பாலாற்றங்கரையில் எது ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்று குறித்துக்கொண்டே படியுங்கள். (நூலகப் பிரதியில் வேண்டாம்; தனித் தாளில்.) சுருக்கமாக எழுதுவதால் சான்றுகளை எல்லா இடத்திலும் விரித்துக் காட்ட மாட்டார். அவர் சொன்னார் என்பதாலேயே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாமல், தேடுவதற்கான துப்பாக எடுத்துக்கொண்டால் அவருக்கே பிடித்திருக்கும்.

அடுத்தது ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை', 2000இல் வந்தது. ஒரு பானம் ஒரு சமூகத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதைப் பத்திரிகை, விளம்பரம், நினைவுக் குறிப்பு, துணுக்கு எல்லாவற்றிலிருந்தும் பொறுக்கி எடுத்துக் கோத்திருக்கிறார். காலையில் நீராகாரம் குடித்த வீடுகளில் காப்பி ஏறியபோது, குடி கெட்டது, உடம்பு கெட்டது, பெண்கள் கெட்டார்கள் என்று எழுந்த புலம்பல்கள் படிக்கச் சிரிப்பாக இருக்கும். சிரித்து முடித்ததும் இன்று பரோட்டாவைப் பற்றியும் நூடுல்ஸைப் பற்றியும் நாம் சொல்வது நினைவுக்கு வரும். காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகி, டீ உழைப்பவரின் குடியான கதையும், காப்பி கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம் என்ற கதையும் இதில் உண்டு. உணவு பற்றித் தமிழில் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரைதான் படிக்க நேரம் இருக்கிறது என்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

பக்தவத்சல பாரதி தொகுத்த 'தமிழர் உணவு' (2011) பலர் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு. எல்லாம் ஒரே தரமில்லை. பொருளடக்கத்தைப் பார்த்து உங்கள் வட்டாரத்துக்கும் உங்கள் ஆர்வத்துக்கும் உரியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இலேசாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு சமஸின் 'சாப்பாட்டுப் புராணம்' இருக்கிறது. ஊர் ஊராக, ஒரு கடை, ஒரு பண்டம் என்று எழுதியது. அடுப்படிக்குப் பின்னால் நிற்பவரையும் பேசவைப்பார். எஸ். ராமகிருஷ்ணனின் 'உணவு யுத்தம்', முகிலின் 'உணவு சரித்திரம்' இரண்டும் தகவல் நிறைந்த, வேகமாக ஓடும் நூல்கள். பேருந்துப் பயணத்துக்கு ஏற்றவை. ஒரு செய்தி பிடித்துப்போனால் அதை வேறு நூலிலும் பார்த்துவிட்டுப் பிறருக்குச் சொல்லுங்கள்.

உணவு நூல் என்றால் உண்பதைப் பற்றி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. உண்ண முடியாமல் போனதும் அதன் பகுதிதான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தை வில்லியம் டிக்பி என்ற பத்திரிகையாளர் உடனிருந்து பார்த்து, 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதினார். வைசிராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடம்புக்கு அது போதாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும் என்று வாதாடினார். மண் வெட்டிச் சுமக்கும் ஒருவருக்கு எவ்வளவு சோறு என்ற கேள்வியின் மேல் இரண்டு அதிகாரிகள் கோப்பு எழுதிக்கொண்டிருக்க, மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சென்னையின் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டியது. அமர்த்தியா சென்னின் 'பாவர்ட்டி அண்டு ஃபேமின்ஸ்' (1981) இதற்குப் பிறகு படிக்க வேண்டியது. 1943 வங்கப் பஞ்சத்தை வைத்து, தானியம் இருக்கும்போதே அதை வாங்கும் வழி அற்றுப்போவதால் மனிதர்கள் சாகிறார்கள் என்று காட்டியது. கணக்கு வரும் அத்தியாயங்களைத் தாண்டிப் படித்தாலும் நூல் பிடிபடும்.

ஆங்கிலம் வேண்டாம் என்பவர்களுக்கு ராய் மாக்ஸம் எழுதிய 'உப்பு வேலி' தமிழிலேயே இருக்கிறது. சிறில் அலெக்ஸ் மொழிபெயர்ப்பு. உப்பு வரி கொடுக்காமல் உப்பு கடத்துவதைத் தடுக்க, சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல் நீளத்துக்கு ஆங்கிலேயர் சுங்கக் கோடு போட்டு, அதன் பெரும்பகுதியில் முள்வேலியை வளர்த்தார்கள். அந்தச் சுங்கக் கோடு 1879இல் கைவிடப்பட்டது. ஒரு பழைய புத்தகத்தின் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு மாக்ஸம் அந்த வேலியைத் தேடி அலைகிறார். துப்பறியும் கதைபோல ஓடும். மரக்காணம் உப்பளங்களைக் கடந்து பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் அடுத்த முறை பேருந்தில் படிக்கலாம்.

சத்து பற்றிய வாசிப்பை நான் வேண்டுமென்றே பின்னால் தள்ளியிருக்கிறேன். வரலாறு கொஞ்சம் தெரிந்தபின் வந்தால் ஏமாற மாட்டோம். இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி பிறந்தது குன்னூரில், 1918இல், ராபர்ட் மெக்காரிசன் நடத்திய சின்ன ஆய்வுக்கூடத்தில். அதுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று இயங்குகிறது. மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டார உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் கிடைத்த பஞ்சாப் எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. சென்னை மாகாண அரிசி எலி வாடிப்போனது. அரிசிக்காரர்கள் வலுவற்றவர்கள் என்ற பேச்சுக்கு அந்தக் காலத்தில் இது நன்றாகப் பயன்பட்டது. ஆனால் எலிக்குக் கிடைத்தது அரிசி மட்டும் மிகுந்த ஏழையின் தட்டு. குறை வறுமையில் இருந்தது.

மெக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டின் ஆய்வு நெல் விளைவிக்கும் நமக்கு இன்னும் நெருக்கமானது. வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி, மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரத்து வடசர்க்கார் கடலோரத்தில் மலிந்திருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அப்படி இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. வீட்டு முற்றத்தில் நெல் அவித்த ஆயாக்களுக்கு வைட்டமின் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஆய்வுக்கூடம் அவர்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

இன்றைய தேவைக்கு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டிருக்கும் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள், 2024 பதிப்பு, போதும். ஆங்கிலத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது போன்ற நேரடியான ஆலோசனைகள். சுவாரசியம் எதிர்பார்க்காதீர்கள், மின்வாரியக் கட்டண அட்டைபோல இருக்கும். எந்தத் தானியத்தில் எவ்வளவு இரும்பு என்று வாட்ஸ்அப்பில் வரும் எண்களைச் சரிபார்க்க, இதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை இருக்கிறது.

நோய் தீர்க்கும் உணவு பற்றிய நூல்களுக்கு ஒரு எளிய பயிற்சி சொல்கிறேன். சித்த மருத்துவர் கு. சிவராமனின் 'ஆறாம் திணை'யையும் நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்'டையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படியுங்கள். முன்னவர் கம்பையும் வரகையும் தினையையும் தட்டுக்குத் திரும்ப அழைக்கிறார். ருசியாக எழுதுவார், சிறுதானியப் பேச்சைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னவர் தானியத்தையே விலக்கச் சொல்கிறார். இரண்டும் ஆயிரக்கணக்கானவர்கள் படித்த நூல்கள். இரண்டும் முன்னோரைச் சாட்சிக்கு அழைக்கின்றன. ஆனால் ஒருவர் அழைக்கும் முன்னோர் உழவர். மற்றவர் அழைப்பவர் வேட்டைக்காரர். இரண்டையும் படித்தவர் எதற்கும் அடிமையாக மாட்டார். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள், எந்தப் புத்தகத்தை நம்பியும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. உணவை அடியோடு மாற்றுவதும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான். "மருந்தே வேண்டாம்" என்று அட்டையிலேயே போட்டிருக்கும் நூலைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

அடுப்பில் நடப்பது ஏன் நடக்கிறது என்ற கேள்வி பிடித்தவர்களுக்குச் சென்னைக்காரரான கிரிஷ் அசோக்கின் 'மசாலா லேப்' (2020). எளிய ஆங்கிலம். உலக அளவில் இதற்கு மூலநூல்போல இருப்பது ஹெரால்டு மெக்கீயின் 'ஆன் ஃபுட் அண்டு குக்கிங்' (1984). புளி ஊற்றியபின் போட்ட உருளைக்கிழங்கு ஏன் வேகாமல் அடம்பிடிக்கிறது? புளிப்பு, காயின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. அம்மா சொன்ன "முதல்ல காய வேகவிடு, அப்புறம் புளிய ஊத்து" என்பதற்கு வேதியியல் காரணம் அதுதான்.

இனி நடைமுறை. இவ்வளவையும் வாங்க வேண்டியதில்லை. சொந்தமாக வைத்துக்கொள்ள 'சமைத்துப் பார்' முதல் பாகமும் 'பண்பாட்டு அசைவுக'ளும் போதும். இரண்டும் திரும்பத் திரும்ப எடுக்கும் நூல்கள். மற்றவற்றை நூலகத்தில் கேளுங்கள். பழையவை பலவும் தமிழ் இணைய நூலகத்திலும் ஆர்க்கைவ் தளத்திலும் வருடிய படிகளாக உள்ளன. செல்பேசியில் படித்தால் கண் வலிக்கும். வேண்டிய பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொள்ளலாம். ஆங்கில நூல்களை வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் சேர்ந்து படியுங்கள். ஒரு அத்தியாயத்தை அவர்கள் வாய்விட்டுத் தமிழில் சொல்லட்டும்.

படிக்கும்போதே ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு பக்கத்தில் நூல் சொல்வது. எதிர்ப்பக்கத்தில் உங்கள் ஊரில் நடப்பது. கூழுக்கு மாவு கரைப்பது முந்திய நாளா, அன்றைக்கேவா? பார்வேட்டைக்கு வரும் உறவினருக்கு என்ன சமைக்கிறீர்கள்? வீட்டில் கடைசியாக நெல் அவித்தது எந்த வருடம், ஏன் நிறுத்தினீர்கள்? ரேஷன் அரிசி வருவதற்கு முன் ஆயா என்ன சாப்பிட்டார், எந்த மாதத்தில் அதுவும் இல்லாமல் போனது? எண்பது வயதுக்காரர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அளவு கேட்டால் "கண்ணுல பாத்து போடறதுதான்" என்பார்கள். அதையும் அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் நீங்கள் ஆழாக்கில் அளந்து பார்த்ததைக் குறியுங்கள்.

கிளை நூலகத்தில் இந்த நூல்கள் இல்லையென்றால் சும்மா திரும்பி வராதீர்கள். நூலகரிடம் வாசகர் பரிந்துரையாகப் பெயரையும் ஆசிரியரையும் எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் ஒரே பெயரை எழுதிக் கொடுத்தால் அடுத்த கொள்முதலில் வருவதற்கு வாய்ப்பு கூடும். முதல் பெயராக வேங்கடாசலபதியின் காப்பி நூலை எழுதுங்கள்.